பதினொரு சாவிகள்

மெட்ரோ என்றால் ரயில் இல்லை.
திமித்ரோ என்று வைத்த பெயரை
ஐம்பத்தொன்றில் ஒரு டீச்சர்
நாக்குச் சுளுக்காமல் இருக்கச் சுருக்கியது.
அம்மாவின் அண்ணன்.
எங்கள் உக்ரைனியத்தில் வூய்கோ,
தாய்மாமனுக்கு மட்டுமே உரிய சொல்.
ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது,
சொட்டு ரத்த சம்பந்தம் இல்லாமல்.

எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

சஸ்காச்சுவானில், ரயில் நிற்பதை விட்டு
முப்பது வருடமான ஊர் அது.
முந்நூற்றுப் பத்துப் பேர். ஒரு பெட்ரோல் பங்க்.
தகரக் கூரைக்குக் கீழே ஒரு பனித்தளம்.
காகிதத்தில் அவர் பதவி
பொழுதுபோக்கு ஒருங்கிணைப்பாளர்.
சம்பளம், அதைக் கதவில் எழுதிய
பெயின்ட்டுக்குக் காணாது.

அவருக்குச் சறுக்கத் தெரியாது.
தானியக் கிடங்கில் நசுங்கிய முட்டி.
ரப்பர் பூட்ஸில் வாத்து மாதிரி நடந்து
ராத்திரி பதினொன்றுக்கு, மைனஸ் முப்பதில்,
குழாயைப் பிடித்துத் தண்ணீர் விடுவார்.
"மெல்லிசா விடணும்,
ஏழை வீட்டு ரொட்டியில வெண்ணெய் மாதிரி."

"பத்து நிமிஷம்!" என்று கத்துவார்.
நாற்பது போனபின்தான் விளக்கு அணையும்.
கழுத்தில் தொங்கிய விசிலுக்குள்
பட்டாணி உறைந்துபோய்
ஒருநாளும் அது ஊதியதில்லை.
தொலைந்த கையுறைகளுக்கு ஒரு பெட்டி வைத்திருந்தார்.
எந்தக் கணக்கோ தெரியாது,
அதில் கிடந்ததெல்லாம் இடது கை.

முதியோர் இல்ல வேலைக்கு
ஃபிலிப்பைன்ஸிலிருந்து வந்த மரிவிக்
முதல் குளிர்காலம் முழுக்கக் கதவோரமே நின்றாள்.
சர்ச்சின் மடக்கு நாற்காலி ஒன்றைப்
பனியில் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.
"பிடிச்சுக்கோ.
நாற்காலி விழுந்தா நீயும் விழு. அவ்வளவுதான்."

பிப்ரவரி மூன்றாம் வாரம்
பனித்தளத்து வாசலில், வண்டிக்குள்,
எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க
அவர் நின்றுபோனார்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில்
முட்டைக்கோஸ் சுருளும் காபியும்.
கவுன்சில் அம்மாள் எழுந்து கேட்டாள்:
"பனித்தளத்துக்கு ஒரே ஒரு சாவி.
அது எங்கேன்னு யாருக்காவது தெரியுமா?"

யாரும் பேசவில்லை.
ஸ்கூல் பஸ் ஓட்டும் லாய்ட் ஃப்ரீசென் இருமினார்.
மேசைமேல் ஒரு சாவியை வைத்தார்.
"என்கிட்ட மட்டும்தான் தந்தார்.
வெளியே சொல்லாதேன்னார்."

மரிவிக் கைப்பையைத் திறந்தாள்.

அப்புறம் டாரன் கார்டினல், ஜாக்கெட் உள்பையிலிருந்து.
அப்புறம் பேக்கரிக்காரர். அப்புறம், கடவுளே, பாதிரியார்.
பதிமூன்று வயது கோல்கீப்பர் பெண்
கழுத்துக் கயிற்றை உருவினாள்.
நகல் எடுக்கக் கூடாது என்று
பொறித்திருந்த அசல் சாவி அவளிடம்.

மொத்தம் பதினொன்று.
ஒரே ஆளை நம்பி ஏமாந்த
பதினொரு காதலிகள் போல
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
யாருக்கோ மூக்கு வழியாகக் காபி வந்தது.
அதற்கப்புறம் சிரிப்பை நிறுத்த
பாதிரியாராலும் முடியவில்லை.

என்னையும் பார்த்தார்கள்.
கால்கரியிலிருந்து ஏழு மணி நேரம் ஓட்டி வந்த,
அந்தச் சொல்லுக்கு உண்மையான உரிமைக்காரன்.
பைக்குள் கையை விட்டேன்.
வாடகைக் காரின் சாவி.
அதுகூடச் சாவி இல்லை, ஒரு பட்டன்.

அன்று ராத்திரி பதினொரு பேரும் போனார்கள்.
ஒரே குழாய்க்கு அத்தனை கைகள்.
இந்தப் பக்கம் போதும், அந்தப் பக்கம் இன்னும்,
அவர் இப்படி விடமாட்டார், எனக்குத் தெரியும்,
உனக்கென்ன தெரியும்.
காலையில் தளம் மாட்டு வண்டித் தடம்போல் கிடந்தது.
கோல்கீப்பர் பெண் பார்த்துவிட்டு
ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.
பாதிரியார் தலையாட்டினார்.

அது காலையில்.
ராத்திரி,
ஸ்பிரிங் அறுந்த இரும்புக் கதவை
யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.
என் விரல்களைப் பார்த்துவிட்டு மரிவிக்
பெட்டியிலிருந்து இரண்டை எறிந்தாள்.
ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.
வலது கையில் இடது கையுறை,
கட்டைவிரல் தப்பான பக்கம் காலியாக ஆட,
நான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.